இணைய ரசிகர் வட்டத்தில் பேச்சு குறைந்துகொண்டே போகிறது: எதை மாற்றலாம்?

அனுபல்லவி:

கர்நாடக சங்கீதம் கேட்பவர்களுக்கான வாட்ஸ்அப் குழு ஒன்று, அதோடு மாதம் இருமுறை ஜூமில் சேர்ந்து கேட்கும் அமர்வு. இரண்டுமே வற்றிக்கொண்டு வருகின்றன. பட்டியலில் அறுபது பேருக்கு மேல் இருந்தாலும் அமர்வுக்கு வருவது பத்துப் பன்னிரண்டு பேர், வாய் திறப்பது மூன்று நான்கு பேர். குழுவில் தினமும் யூடியூப் இணைப்புகள் வந்து விழும். கீழே ஒரு கைகூப்பும் பொம்மை, அத்தோடு சரி.

அமர்வில் ஒரு கச்சேரியின் பிரதான உருப்படியை முழுதாகப் போட்டு, முடிந்ததும் "எப்படி இருந்தது?" என்று கேட்கிறோம். நல்ல ஞானஸ்தர்களும் உண்டு, ராகம் இன்னும் பிடிபடாத புதியவர்களும் உண்டு. பேச்சு மறுபடி சூடுபிடிக்க நடைமுறையில் என்ன செய்யலாம்?

மிஸ்ரசாபு:

முதலில் அந்தக் கேள்வியை மாற்றுங்கள். "எப்படி இருந்தது?" என்றால் "பிரமாதம்" என்பதற்கு மேல் யாரும் என்ன சொல்வது? ஆலாபனை (தாளமில்லாமல் ராகத்தை விரிப்பது), வயலின், கிருதி, நிரவல், ஸ்வரம், தனி என்று நாற்பது நிமிடம் போன பிறகு ஆலாபனையில் எந்த இடம் நன்றாக இருந்தது என்பது தேர்ந்த காதுக்கே நினைவில் நிற்பது கஷ்டம்.

ஒரு மணி நேர அமர்வுக்குப் பத்து நிமிடச் சங்கீதம் போதும். ஆனால் அதையே இரண்டு முறை கேட்க வேண்டும். முதல் முறை இடையில் நிறுத்தாமல் கேளுங்கள். இரண்டாம் முறைக்கு முன் ஒரே ஒரு கேள்வி வையுங்கள். அதற்கான விடை ஒலிப்பதிவில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் காதில் விழ வேண்டும். காம்போதி ஆலாபனை என்றால், "நிஷாதம் (நி) வழக்கத்தைவிட உயர்ந்து ஷட்ஜத்தை (ஸ) ஒட்டி ஒலிக்கும் இடம் எது?" என்று கேட்கலாம். காம்போதிக்கு உரியது கைசிகி நிஷாதம், அதாவது தாழ்ந்த நி. "ஸ நி ப த ஸ" பிடியில் மட்டும் காகலி, அதாவது உயர்ந்த நி, எட்டிப் பார்க்கும். பெயர் தெரியாதவர்கூட இரண்டாம் முறை கேட்கும்போது அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்து சொல்வார். அங்கிருந்துதான் பேச்சு தொடங்கும்.

ஸ்வரம் பிடிபடாதவர்களுக்குத் தாளக் கேள்வி கொடுங்கள். பல்லவி சமத்தில் (தாளச் சுற்றின் முதல் தட்டில்) எடுக்கிறதா, சமம் தள்ளியா? தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில், மூன்று முறை வரும் முடிவுக் கோர்வை மூன்றாம் முறை முடிந்ததும் பாடகர் எந்தச் சொல்லில் பாட்டைப் பிடிக்கிறார்? ஆதி தாளத்தில் எட்டு எண்ணத் தெரிந்தால் போதும், விடை சொல்லிவிடலாம். இரண்டு களையில் (ஒவ்வொரு எண்ணும் இரண்டாகும் நடையில்) எண்ணிக்கை பதினாறாகும் என்பதை மட்டும் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் பாதிப் பேர் நடுவில் தொலைந்துபோவார்கள்.

பேசும் வரிசையும் முக்கியம். புதியவர் முதலில், ஞானஸ்தர் கடைசியில். பெரியவர் விடை சொல்லிவிட்ட பிறகு புதியவருக்குச் சொல்ல எதுவும் மிஞ்சாது.

வாட்ஸ்அப்பில் வெறும் இணைப்பு கூடாது என்று விதி வையுங்கள். எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, அங்கே எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியே போட வேண்டும். தினம் ஐந்து இணைப்புகளுக்குப் பதில் வாரம் இரண்டு வந்தாலும் அந்த இரண்டையும் கேட்பார்கள்.

சுருதிப்பெட்டி:

மேலே சொன்னது எல்லாம் சரி. ஆனால் கேட்கும் ஒலியே கெட்டுப்போயிருந்தால் எந்தக் கேள்வியும் உதவாது. அமர்வுக்கு வருபவர்கள் குறைய இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டு மைக் வழியாக அனுப்புகிறீர்களா? அப்படியானால் உடனே நிறுத்துங்கள். ஜூமின் இரைச்சல் நீக்கம் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. மாறாமல் தொடர்ந்து ஒலிப்பதை அது மின்விசிறிச் சத்தம் போல எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். முதலில் பலியாவது தம்பூரா. அடுத்து, ஒரே ஸ்வரத்தில் நிற்கும் நீண்ட கார்வைகள் நடுநடுவே அமுங்கும், மிருதங்கத்தின் மெல்லிய சொற்கள் காணாமல் போகும். சுருதி இல்லாமல் கமகத்தை (ஸ்வரத்தின் அசைவை) எப்படி ரசிப்பது?

ஸ்க்ரீன் ஷேர் செய்யும்போது கீழே "ஷேர் சவுண்ட்" என்பதை டிக் செய்து, பக்கத்தில் ஸ்டீரியோவைத் தேர்ந்தெடுங்கள். யாராவது நேரில் பாடிக் காட்டுவதானால் அவருடைய ஆடியோ செட்டிங்கில் "ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்" தேவை. அதில் எக்கோ கேன்சலேஷனை அணைத்தால் அவர் கட்டாயம் ஹெட்போன் போட வேண்டும், இல்லையென்றால் மற்றவர்களின் குரல் சுற்றிவரும்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எல்லோரும் அதே இணைப்பைத் தங்கள் கருவியிலேயே திறந்து, ஜூமில் மைக்கை மூடிவிட்டு, ஒரே சமயத்தில் ஓடவிடட்டும். ஓரிரு விநாடி முன்பின் ஆனால் பாதகமில்லை.

சேர்ந்து தாளம் போடவும் மைக்கை மூடித்தான் ஆக வேண்டும். ஒலி ஒவ்வொருவரையும் வெவ்வேறு தாமதத்தில் எட்டுவதால், மைக் திறந்திருந்தால் எட்டுப் பேர் தட்டும் சமம் எட்டு இடத்தில் விழும்.

காகலி:

ஒரு எச்சரிக்கை: "இது என்ன ராகம்?" புதிரை அமர்வின் மையமாக வைக்காதீர்கள். பார்க்கக் கலகலப்பாக இருக்கும், ஆனால் அதே நான்கு பேர் பத்து விநாடியில் சொல்லிவிடுவார்கள், மற்றவர்கள் மெல்ல நழுவுவார்கள். ராகப் பெயரை முதலிலேயே சொல்லிவிட்டு, அடுத்த ராகத்திலிருந்து அது எங்கே பிரிகிறது என்று கேளுங்கள்.

அதற்கு ஜோடி ராகங்கள்தான் கச்சிதம். ஆரபி, தேவகாந்தாரி இரண்டுக்கும் ஆரோகணம் ஸ ரி ம ப த ஸ. அவரோகணமும் ஏழு ஸ்வரங்களோடு ஒன்றேதான். ஆனால் ஆரபியில் காந்தாரமும் (க) நிஷாதமும் மின்னி மறையும், நடையில் ஒரு துள்ளல். தேவகாந்தாரி நிதானமாக நீட்டி, கமகத்தோடு அசையும். ஒவ்வொன்றிலும் மூன்று நிமிடம் அடுத்தடுத்துப் போட்டால், பேர் தெரியாதவர்களுக்கும் வித்தியாசம் உடனே படும். ஸ்வர அட்டவணை மட்டும் ராகம் ஆகாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அடுத்தது தர்பார், நாயகி. தர்பாரில் "க க ரி ஸ", "நி நி த ப" என்று இரட்டித்து அழுத்தமாக வரும். நாயகியில் அந்த அழுத்தம் இல்லை, ரிஷபத்தில் (ரி) அமைதியாக நிற்கும்.

மூன்றாவதாக கிரகபேதம் ஒன்று, அதாவது அதே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு ஆதார ஸ்வரத்தை மட்டும் மாற்றுவது. 1 கட்டையில் (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் எண்) மோகனத்தை ஏற்றி இறக்கி வாசிக்கச் சொல்லுங்கள். வாசிப்பவர் எதையும் மாற்றக் கூடாது. தம்பூரா ஆப்பை மட்டும் 2 கட்டைக்கு நகர்த்துங்கள், மத்யமாவதி கேட்கும். 3 கட்டைக்கு வைத்தால் ஹிந்தோளம், 5 கட்டையில் சுத்த சாவேரி, 6 கட்டையில் சுத்த தன்யாசி. ஹிந்தோளத்தில் பஞ்சமம் (ப) கிடையாது, அதற்கு மட்டும் தம்பூராவை மத்யமத்துக்கு (ம) மாற்ற மறக்காதீர்கள். பஞ்சமம் ஒலித்தால் மயக்கம் கலைந்துவிடும்.

அனுபல்லவி:

மிக்க நன்றி. பாட்டை மைக் வழியாகத்தான் அனுப்பிக்கொண்டிருந்தோம். இந்த வாரமே மாற்றுகிறோம். இன்னும் இரண்டு சந்தேகங்கள். பழைய ஒலிப்பதிவுகளில் "இவர் இந்தச் சுருதியில் பாடுபவரே இல்லையே" என்று விவாதம் கிளம்பி நேரம் போய்விடுகிறது. இன்னொன்று பாடாந்தரச் சண்டை, அதாவது ஒரே பாட்டை ஒவ்வொரு குருவழியிலும் வேறுவிதமாகப் பாடுவது பற்றிய சண்டை. ஒரு வரியைப் பாடும் விதத்தைக் காட்டி "இந்த சங்கதி தவறு" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்கள் அமர்வு முடியும்வரை வாய் திறப்பதில்லை.

சுருதிப்பெட்டி:

முதல் சந்தேகத்துக்கு: ஸ்பூல், கேசட்டிலிருந்து மாற்றும்போது ஓட்டவேகம் மாறினால் சுருதியும் லயமும் சேர்ந்தே மாறும். வேகம் ஏறக்குறைய 6 சதவீதம் கூடினால் 1 கட்டை 1½ கட்டையாகக் கேட்கும். அதே பாடகரின் அதே காலத்து நம்பகமான பதிவோடு தம்பூரா ஆப்பை வைத்து ஒப்பிடுங்கள். அரைக் கட்டை கூடுதலாக இருந்தால், ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றும் எஃபெக்ட்டில் −5.6 சதவீதம் கொடுங்கள். சுருதியை மட்டும் மாற்றும் எஃபெக்ட் வேண்டாம். அது லயத்தை அந்தத் தவறான வேகத்திலேயே விட்டுவிடும். இதை அமர்வுக்கு முன்பே செய்துவிட்டால் அந்த விவாதமே எழாது.

மிஸ்ரசாபு:

பாடாந்தரத்துக்கு ஒரு சொல் விதி போதும். "தவறு" என்று சொல்லக் கூடாது. "நான் கேட்ட பாடாந்தரத்தில் இந்த சங்கதி இப்படி வரும்" என்று பாடியோ, வேறு பதிவைப் போட்டோ காட்ட வேண்டும். பாடத் தயங்குபவர் இருபது விநாடி வாய்ஸ் நோட் அனுப்பினாலும் போதும். முத்துசுவாமி தீட்சிதர் கிருதி என்றால் 1904இல் சுப்பராம தீட்சிதர் வெளியிட்ட சங்கீத சம்பிரதாய பிரதர்சினியின் ஸ்வரக் குறிப்பை எடுத்து, இன்று பாடுவதோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். பல கிருதிகளில் இரண்டும் வேறுபடும். எது சரி என்று தீர்ப்புக்குப் போக வேண்டாம். எந்த வரியில், எந்த ஸ்வரத்தில் பிரிகின்றன என்று குறித்து வைத்தாலே ஒரு அமர்வு நிறைந்துவிடும். புத்தகத்தைப் பார்த்து ஸ்வரம் சொல்லும் வேலையை உங்கள் ஞானஸ்தர்களிடமே கொடுத்துவிடுங்கள்.