சென்னையா, லைப்சிக்கா?

மயிலாப்பூர்க்காரி:
கல்யாணத்தைப் பதிவு பண்ணி 7 மாசம் ஆச்சு. அவர் ஜெர்மன்காரர், அங்கே லைப்சிக்கில் தச்சு வேலை செய்யறார், நான் இங்கே டீச்சர். அப்பா போனதிலிருந்து அம்மா தனியா இருக்காங்க. அவரோட அம்மாவும் தனிதான். ஃபோன்ல இந்தப் பேச்சை எடுத்தாலே ரெண்டு பேரும் வாயடைச்சுப் போயிடறோம். நீங்கல்லாம் எப்படி முடிவு பண்ணீங்க?

காரைக்குடியான்:
யாரால எங்கே சம்பாதிக்க முடியும்னு முதல்ல பாருங்க. நீங்க போறதா இருந்தா ஏ1ங்கற ஆரம்ப நிலை ஜெர்மன் மொழித் தேர்வு பாஸ் பண்ணணும். அவர் இங்கே வந்தா, வெளிநாட்டுக்காரரை இந்தியாவுல காலவரையில்லாம தங்க விடற ஓசிஐ அட்டைக்குப் பதிவுத் திருமணம் 2 வருஷம் தாண்டியிருக்கணும்.

ஹாம்பர்க் மருமக:
நான் 2016ல வந்தவ. முதல் நவம்பர்ல சாயங்காலம் நாலரைக்கே இருட்டிடும், ஜன்னலோரம் நின்னு அழுதிருக்கேன். எனக்குன்னு வேலை கிடைச்ச பிறகுதான் மூச்சு வந்துச்சு. குடியுரிமைக்கு மட்டும் அவசரப்படாதீங்கம்மா. 2024 ஜூன்லேருந்து ஜெர்மனி ரெட்டைக் குடியுரிமை தருது, ஆனா நம்ம நாடு ஒத்துக்காது.

மயிலாப்பூர்க்காரி:
நன்றிக்கா. நேத்து அவர்கிட்ட கேட்டேன், "ராத்திரி உங்க அம்மா வழுக்கி விழுந்தா யார் ஓடுவாங்க?" அவர் அக்கா பக்கத்துத் தெருவாம். என் அம்மாவுக்கு நான் மட்டும்தான். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே சொன்னார், "ஓசிஐக்கு இன்னும் 17 மாசம்தானே?"