ஜீரோ பவர் கண்ணாடியை "ஒரே பார்வையில்" கண்டுபிடிப்பாராம்!

கயல்_ஜாலான்_ஈப்போ | காலை 8.52

நேர்காணல் இழையில் நேற்று லெபோ அம்பாங் லிங்கம் எழுதியது இது: "சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறோமே என்று சிலர் பவர் இல்லாத கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆபீசுக்கு வருகிறார்கள். எனக்கு ஒரே பார்வையில் தெரிந்துவிடும். கள்ளக் கண்ணாடி போடுகிறவர் எழுதும் கணக்கும் கள்ளக் கணக்குதான்." இதற்குப் பதினேழு லைக் வேறு.

நான் ஆடிட்டர். வயது முப்பத்திரண்டு. உயரம் ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. அந்தக் கள்ளக் கண்ணாடிக் கூட்டத்தில் நானும் ஒருத்தி.

ஏன் போட்டேன் என்று சொல்கிறேன். கோலாலம்பூருக்குப் பக்கத்தில் ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலைக்கு ஆடிட் போயிருந்தேன். வாசல் காவலர் "அடிக், பிராக்டிகலா?" என்று கேட்டார். தங்கச்சி, படிக்கும்போது பயிற்சிக்கு வந்தாயா என்று அர்த்தம். ஐ.சி.யை, அதாவது அடையாள அட்டையை, நீட்டினேன். முதல் ஆறு எண் பிறந்த தேதிதானே. 93 என்று ஆரம்பிப்பதைப் பார்த்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடிக் ஒரு நொடியில் புவான், அதாவது மேடம், ஆகிவிட்டாள். ஆனால் உள்ளே யாரும் ஐ.சி. கேட்பதில்லையே! என்னோடு வந்த ஜூனியருக்கு இருபத்து நான்கு வயது, நல்ல மீசை. கணக்கு மேலாளர் ஃபைல்களை எல்லாம் அவன் பக்கம் தள்ளினார். கேள்வி கேட்பது நான், பதில் போவது அவனுக்கு. அவன் பாவம், ஒவ்வொரு தடவையும் என்னைத் திரும்பிப் பார்ப்பான். தே தாரிக் டீகூட அவனுக்குத்தான் முதலில் வந்தது. ஸ்டாக் கணக்கு உதைப்பதை நான் எடுத்துக் காட்டியபோதும் "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று அவனைத்தான் கேட்டார்.

அந்த வாரமே மஸ்ஜித் இந்தியா பக்கம் போய் பழுப்பு ஃபிரேமில் ஒன்று வாங்கினேன். இரண்டு வருஷமாகப் போடுகிறேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. ஃபைல் இப்போது என் பக்கம் வருகிறது. லிங்கம் அங்கிள், இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

லெபோ_அம்பாங்_லிங்கம் | காலை 9.10

முதலில், அங்கிள் என்று கூப்பிட வேண்டாம். அண்ணன் போதும்.

ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கண்டுபிடித்தவர் வந்து சொல்லிவிட்டுப் போவாரா? மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டிருப்பார்.

விஷயம் ரொம்பச் சுலபம். கிட்டப்பார்வைக்கு மைனஸ் லென்ஸ் போட்டவரைக் கொஞ்சம் பக்கவாட்டில் பாருங்கள். லென்சுக்குள் தெரிகிற கன்னம் உள்ளே ஒடுங்கி, வெளியே இருக்கிற கன்னத்தோடு சேராமல் வெட்டி நிற்கும். பவர் இல்லையென்றால் கன்னக் கோடு ஒட்டடைக் கம்பு போல நேராக இறங்கும். 1989ல் இருந்து கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து முகம் பார்த்தே கடன் கொடுத்தவன் நான். கன்னக் கோட்டைப் பாருங்கள், போதும்.

வார்டு_நிலா | காலை 9.31

கயல் அக்கா, ஃபைலாவது உங்களுக்கு வருகிறது. நான் அரசு மருத்துவமனையில் ஹவுஸ்மென், அதாவது பயிற்சி டாக்டர், இரண்டாவது வருஷம். கழுத்தில் ஸ்டெதஸ்கோப் தொங்கும், சட்டையில் பெயர் இருக்கும். இருந்தாலும் "மிஸ்ஸி, டாக்டர் எப்ப வருவாரு?"தான். நேற்று ஒரு பாட்டிக்கு ரத்தம் எடுத்து, மருந்து எழுதி, பத்து நிமிஷம் உட்கார்ந்து எல்லாம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கன்னத்தைத் தட்டி, "நல்லாச் சொன்னே கண்ணு. பெரிய டாக்டரை வரச் சொல்லு" என்றார். என்னோடு நின்ற ஆண் நர்சைப் பார்த்துக் கும்பிடு போட்டார்.

எனக்கு உண்மையிலேயே மைனஸ் 4.50. கண்ணாடி போட்டால் வயது கூடும் என்று யார் சொன்னது? எனக்கு எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு எழுதப் போகிற பிள்ளை முகம்தான் வருகிறது.

லெபோ_அம்பாங்_லிங்கம் | காலை 9.36

மைனஸ் 4.50 என்றால் கன்னக் கோடு நன்றாகவே வெட்டும். டாக்டர் தங்கச்சி என் பக்கம். நன்றி.

வார்டு_நிலா | காலை 9.38

நான் யார் பக்கமும் இல்லையே!

பாயான்_லெப்பாஸ்_பாண்டி | காலை 10.05

கோலாலம்பூர்க்காரர்களுக்கு ஷோ முக்கியம். எங்கள் பினாங்கு ஃபேக்டரிக்கு வந்து பாருங்கள். கிளீன்ரூமுக்குள் தலை முதல் கால் வரை வெள்ளை பன்னி சூட், தெரிவது இரண்டு கண். அங்கே மீசை ஏது, வயது ஏது? பேட்ஜைப் பார்ப்பான், பேசுவான். என் மேனேஜர் எனக்கு ஆறு வயது இளையவர் என்று அவருடைய கல்யாணத்தில்தான் தெரிந்தது.

லிங்கம் அண்ணனைப் பற்றி ஒன்று. ரொட்டி சானாய் இழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மாவு வீசுகிற கையைப் பார்த்தே நெய்யா மார்ஜரினா என்று "ஒரே பார்வையில்" சொன்னவர் இவர்தான்.

லெபோ_அம்பாங்_லிங்கம் | காலை 10.11

சொன்னேன், சரியாகவும் சொன்னேன். கடைக்காரர்தான் ஒப்புக்கொள்ளவில்லை.

பன்னி சூட்டில் கன்னம் தெரியாது. எனவே அந்த உதாரணம் செல்லாது.

லென்ஸ்_கடை_ராஜா | காலை 10.48

பதினான்கு வருஷமாகக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். அண்ணன் சொல்வதில் பாதி சரி. பவர் கூடக் கூட கன்னக் கோடு விலகும், உண்மை. பிளஸ் லென்சாக இருந்தால் வெளியே தள்ளும். ஆனால் மைனஸ் 0.50, 0.75 என்று வாங்குகிறவர்கள் இருக்கிறார்களே? இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டுகிறவர்கள் வருவார்கள். அந்தப் பவரில், அதுவும் சின்ன ஃபிரேமில், கோடு விலகுவது கண்ணுக்கே தெரியாது. நானே பவர் அளக்கும் லென்ஸ்மீட்டரில் வைத்துத்தான் சொல்வேன்.

கள்ளக் கண்ணாடியைக் காட்டிக்கொடுப்பது வேறு. ஃபிரேமோடு வருகிற டெமோ லென்சைக் கழற்றாமல் அப்படியே போட்டுக்கொண்டு போவார்கள். கோட்டிங் இருக்காது, டியூப்லைட் வெளிச்சம் மொத்தமாக அதில் வந்து உட்காரும், எதிரே இருப்பவருக்குக் கண்ணே தெரியாது. கோட்டிங் போட்ட பிளேன் லென்ஸ் வாங்கினால் அந்தக் கவலை இல்லை.

கயல்_ஜாலான்_ஈப்போ | காலை 10.55

என்னுடையது கோட்டிங் போட்டது. வாங்கின பில்கூட இருக்கிறது.

லெபோ_அம்பாங்_லிங்கம் | காலை 11.02

விற்கிறவர் விற்கத்தான் பேசுவார். ராஜா தம்பி, "பாதி சரி" என்றீர்களே, அந்தப் பாதி எது? கன்னக் கோடு. அதைத்தான் காலையில் இருந்து சொல்கிறேன். 0.50க்குக் கண்ணாடி போடுகிறவரும் என் கணக்கில் கள்ளக் கண்ணாடிதான்.

லென்ஸ்_கடை_ராஜா | காலை 11.06

அப்படியென்றால் என் பக்கத்துக் கடை ஹாஜியாரும் கள்ளரா? அவருக்கு வலது கண் 0.50.

லெபோ_அம்பாங்_லிங்கம் | காலை 11.07

ஹாஜியாரை நான் பார்க்கவில்லை. பக்கவாட்டுப் படம் அனுப்புங்கள்.

செந்தூல்_சரவணன் | நண்பகல் 12.20

சாப்பாட்டு நேரத்தில் படித்தேன், சிரித்ததில் குழம்பு சட்டையில்.

அரசாங்க ஆபீசில் இருக்கிறேன். முப்பத்தைந்து வயது, மீசை வளரவில்லை, என்ன செய்ய? வியாழக்கிழமை அரசு ஊழியர்கள் பாத்தேக் (பாட்டிக்) சட்டை போடும் நாள். முழுக்கை பாத்தேக்கில் போனால் கவுண்டருக்கு வருகிறவர்கள் "துவான்", அதாவது ஐயா, என்பார்கள். வெள்ளிக்கிழமை சாதாரணச் சட்டையில் போனால் அதே ஆள் "தம்பி, இந்தப் பாரத்தை உள்ளே கொடுத்திடு" என்று கையில் திணிப்பார். இந்த ஊர் ஆபீசுகளில் "தம்பி" என்றாலே தேநீர் வாங்கி வரும் பியூன் என்று ஒரு காலத்தில் அர்த்தம். மலாய்க்காரர், சீனர், வெள்ளைக்காரர் எல்லோரும் அந்தச் சொல்லை அந்த அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டார்கள். அதனால் எனக்குக் கண்ணாடி வேண்டாம், வாரம் ஐந்து நாளும் பாத்தேக் வேண்டும்.

லெபோ_அம்பாங்_லிங்கம் | பிற்பகல் 12.31

தம்பி என்பது பாசமான வார்த்தை. அதில் மரியாதைக் குறைவு தேடுகிறவர்களுக்கு மனசில் ஏதோ கோளாறு.

கயல்_ஜாலான்_ஈப்போ | பிற்பகல் 12.33

அங்கிளும் பாசமான வார்த்தைதானே, அங்கிள்?

லெபோ_அம்பாங்_லிங்கம் | பிற்பகல் 12.40

ஐம்பத்தெட்டு வயதில் தினமும் காலையில் தீத்திவாங்சா ஏரியை மூன்று சுற்று நடப்பவன். பார்த்தவர்கள் நாற்பத்தைந்து என்பார்கள். அங்கிள் என்று இதுவரை இரண்டு பேர்தான் கூப்பிட்டிருக்கிறார்கள், இரண்டு பேரும் ஆடிட்டர்கள்.

பாயான்_லெப்பாஸ்_பாண்டி | பிற்பகல் 12.44

நாற்பத்தைந்து என்று சொன்னவர்கள் டெமோ லென்ஸ் போட்டிருந்தார்களோ என்னவோ.

தமிழ்வாணி_ஆசிரியை | பிற்பகல் 1.15

எல்லோருக்கும் வணக்கம். "புரொபஷனலாகத் தெரிவது" என்றால் என்ன என்று முதலில் யாராவது சொல்ல முடியுமா? வயதாகத் தெரிவதும், வேலை தெரிந்தவராகத் தெரிவதும், பெரிய பதவியில் இருப்பவராகத் தெரிவதும் மூன்று வெவ்வேறு விஷயங்கள். மூன்றையும் ஒரே கண்ணாடிக்குள் போட்டுக் குழப்புகிறீர்கள்.

லெபோ_அம்பாங்_லிங்கம் | பிற்பகல் 1.19

டீச்சர், இங்கே பிரச்சினை கண்ணாடிதான், வேறில்லை.

தமிழ்வாணி_ஆசிரியை | பிற்பகல் 1.34

சரி, கண்ணாடிக்கே வருகிறேன். கரிகாலன் கதை தெரியுமல்லவா? வழக்கோடு வந்த முதியவர்கள் இருவர், "இந்தச் சின்னப் பையனா தீர்ப்புச் சொல்வான்?" என்று தயங்கினார்கள். அவன் உள்ளே போய் நரைமுடி வைத்துக்கொண்டு கிழவராக வந்து உட்கார்ந்து தீர்ப்புச் சொன்னான். அவர்களும் ஏற்றுக்கொண்டார்கள். முடி கள்ள முடி. தீர்ப்பு கள்ளத் தீர்ப்பா? லிங்கம் ஐயா விளக்கட்டும்.

கயல்_ஜாலான்_ஈப்போ | பிற்பகல் 1.36

டீச்சர்!!! காலில் விழுகிறேன்.

லெபோ_அம்பாங்_லிங்கம் | பிற்பகல் 1.58

கரிகாலன் வைத்தது நரைமுடி. நரைமுடிக்குக் கன்னக் கோடு கிடையாது. அதோடு வந்தவர்கள் இருவரும் முதியவர்கள், கண் மங்கியிருக்கும். நான் அங்கே இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

டீச்சர் வரலாறு பேசுவதால் நானும் பேசுகிறேன். கோலாலம்பூர் லெபோ அம்பாங், வட்டிக்குக் கடன் கொடுத்த செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்த தெரு. ஊரிலிருந்து வந்த பொடியன் பெட்டியடிப் பையனாகச் சேருவான். பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கூட்டல், கழித்தல், வட்டி என்று படித்து அடுத்தாள், அதாவது உதவியாளர், ஆவான், அப்புறம் ஏஜெண்ட் ஆவான். கண்ணாடி மாட்டியா பெரியவன் ஆனான்? கணக்குப் படித்து ஆனான்.

கயல்_ஜாலான்_ஈப்போ | பிற்பகல் 2.04

பெட்டியடிப் பையன். சரி. பெட்டியடிப் பெண் யாராவது இருந்தாளா? பையன் என்றால் வளருவான் என்று எல்லோருக்கும் தெரியும், காத்திருந்தார்கள். எனக்கு ஏ.சி.சி.ஏ. கணக்காளர் தேர்வு முடித்து எட்டு வருஷம் ஆகிறது, இன்னும் பிராக்டிகலா என்று கேட்கிறார்கள். நான் கணக்கு படிக்காமலா கண்ணாடி வாங்கினேன்?

செந்தூல்_சரவணன் | பிற்பகல் 2.10

இன்னொன்று. 2013 ஜூலையில் இருந்து தனியார் துறையில் குறைந்தபட்ச ஓய்வு வயதே அறுபது. மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எல்லாம் தலை நரைத்திருந்தால், கீழே இருக்கிற நாங்கள் நாற்பது வயதிலும் பொடியன்கள்தான்.

லெபோ_அம்பாங்_லிங்கம் | பிற்பகல் 2.13

என் நாற்காலி மேல் கண்ணா? இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. எழுந்திருக்க மாட்டேன்.

செந்தூல்_சரவணன் | பிற்பகல் 2.15

உங்களைச் சொல்லவில்லை அண்ணே. பொதுவாகச் சொன்னேன்.

லெபோ_அம்பாங்_லிங்கம் | பிற்பகல் 2.16

பொதுவாகச் சொல்கிறவர்கள் எல்லோரும் என்னைத்தான் சொல்கிறார்கள். போன தைப்பூசத்து பார்க்கிங் இழையிலும் இப்படித்தான்.

நெறியாளர் | பிற்பகல் 2.40

பார்க்கிங் இழையை இங்கே இழுக்க வேண்டாம். ரொட்டி சானாயும் வேண்டாம். ஒருவரை ஒருவர் வயது சொல்லி அழைப்பதை நிறுத்தவும்.

பாயான்_லெப்பாஸ்_பாண்டி | பிற்பகல் 2.42

வயதுதானே தலைப்பு நெறியாளரே?

வார்டு_நிலா | மாலை 6.20

ஷிஃப்ட் முடிந்து வந்தால் இழை இவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது. ஒரு செய்தி: அந்தப் பாட்டி இன்று வீட்டுக்குப் போனார். போகும்போது என்னைக் கூப்பிட்டு, "நல்லாப் படி, ஒருநாள் நீயும் டாக்டரா வருவே" என்று பத்து வெள்ளியைக் கையில் வைத்தார். வாங்கவில்லை, ஆனால் நர்ஸ்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

லெபோ_அம்பாங்_லிங்கம் | மாலை 6.31

கண்ணாடி போட்டிருந்தீர்களா?

வார்டு_நிலா | மாலை 6.32

இல்லை அண்ணே, கான்டாக்ட் லென்ஸ்.

லெபோ_அம்பாங்_லிங்கம் | மாலை 6.33

அப்படியானால் இந்த உதாரணமும் செல்லாது.

கயல், வாதம் எதற்கு? உங்கள் கண்ணாடியோடு பக்கவாட்டில் ஒரு படம். கன்னம் மட்டும் தெரிந்தால் போதும். கூடவே உண்மையான பவர் போட்டவர் படம் நான்கு. கலந்து போடுங்கள். சொல்லிவிடுகிறேன்.

கயல்_ஜாலான்_ஈப்போ | மாலை 7.05

முன்பின் தெரியாதவருக்கு என் கன்னத்தைப் படம் எடுத்து அனுப்புவதா? நீங்கள் என் கிளையன்ட் ஆபீசுக்கு வாருங்கள், காவலரிடம் ஐ.சி. கொடுத்துவிட்டு.

லென்ஸ்_கடை_ராஜா | மாலை 7.12

என் கடைக்கு வாருங்கள் அண்ணே, பத்து ஃபிரேம் வரிசையாக வைக்கிறேன். ஐந்து பிளேன், ஐந்து 0.50. நானே போட்டுக் காட்டுகிறேன். பத்துக்குப் பத்து சொன்னால், தூரத்துக்கும் படிக்கவும் சேர்த்துப் போடுகிற புரோகிரசிவ் லென்ஸ் உங்களுக்கு இலவசம்.

லெபோ_அம்பாங்_லிங்கம் | மாலை 7.15

எனக்கு எதற்குப் புரோகிரசிவ்? எனக்குக் கண் தெளிவாகத்தான் இருக்கிறது.

பாயான்_லெப்பாஸ்_பாண்டி | மாலை 7.16

ஐம்பத்தெட்டில் படிக்கிற கண்ணாடிகூட இல்லையா? போனைக் கையை நீட்டிப் பிடித்துத்தானே இதையெல்லாம் டைப் பண்ணுகிறீர்கள்?

லெபோ_அம்பாங்_லிங்கம் | இரவு 9.48

அது வேறு இழை. 0.50 என்று சொல்லி ராஜா நழுவப் பார்க்கிறார். 0.50க்கும் கன்னக் கோடு விலகும், ஒரு மயிரிழையாவது விலகும். பார்க்கத் தெரிந்தவனுக்கு அது போதும். சனிக்கிழமை கடை எத்தனை மணிக்குத் திறக்கும்?