லேப் சயின்டிஸ்ட் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப், இங்கிலாந்து: வேலையையும் படிப்பையும் எப்படி இணைப்பது?

குடுவை19:
செப்டம்பரில் லெவல் 6 (இளநிலைப் பட்ட நிலை) லேபரட்டரி சயின்டிஸ்ட் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப், அதாவது சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே பட்டம் பெறும் பயிற்சி, தொடங்குகிறேன். மருந்துத் தரக்கட்டுப்பாட்டு லேப், பெரும்பாலும் எச்பிஎல்சி (கரைசலிலுள்ள சேர்மங்களைப் பிரித்து அளக்கும் கருவி) வேலை. வாரத்தில் நான்கு நாள் லேப், புதன்கிழமை வேதியியல் பட்டப் படிப்பு, மொத்தம் ஐந்து ஆண்டு. புதன்கிழமையை லேப் வேலை விழுங்காமல் காப்பது எப்படி? முதல் சில மாதங்களில் லேபில் எதைச் சரியாகப் பழக வேண்டும்? போர்ட்ஃபோலியோவுக்கு (செய்த வேலைக்கான சான்றுக் கோப்பு) என்னென்ன சேர்த்து வைக்க வேண்டும்?

பஃபர்பாட்டில்:
புதன்கிழமை உங்களுக்குக் காட்டும் சலுகை இல்லை. பயிற்சி நேரம் சம்பளத்தோடு, வேலை நேரத்துக்குள் வர வேண்டும் என்பது அரசு நிதி விதி. 2022 ஆகஸ்டில் அதை வாரத்துக்குக் குறைந்தது 6 மணி நேரம் என்று வைத்தார்கள். அதன் பிறகும் விதிகளில் திருத்தம் வந்திருக்கிறது. ஆகவே உங்களுக்கு மொத்தம் எத்தனை மணி நேரம் என்பதைக் கையெழுத்திடும் பயிற்சித் திட்டத்தில் பாருங்கள். அந்த எண் வெற்றிடமாக இருந்தால் கையெழுத்திடாதீர்கள். ஒரு புதன் லேப் அவசரத்துக்குப் போய்விட்டால் பதில் நாளை அன்றே மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழியாக விட்டால் அது திரும்பி வராது. இரவில் வீட்டில் படித்த நேரத்தைப் பயிற்சிக் கணக்கில் எழுதச் சொன்னால், அதற்கு ஈடாக வேலை நேரத்தில் விடுப்பு தந்தார்களா என்று பாருங்கள்.

கட்டணம் உங்கள் பொறுப்பு இல்லை, மாணவர் கடனும் தேவையில்லை. ஆண்டுச் சம்பளச் செலவு 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் நிறுவனங்கள் 2017 ஏப்ரல் முதல் 0.5% லெவி (அப்ரென்டிஸ் பயிற்சிக்கான வரி) கட்டுகின்றன. படிப்புச் செலவு அதிலிருந்துதான் போகிறது. சம்பளத்தில் ஒன்றைக் கவனியுங்கள்: 19 வயது நிறைந்து முதல் ஆண்டும் முடிந்துவிட்டால், அப்ரென்டிஸுக்கான குறைந்தபட்சக் கூலி போதாது, உங்கள் வயதுக்குரிய குறைந்தபட்சக் கூலி தர வேண்டும்.

இன்னொன்று, செவ்வாய் மாலை. எச்பிஎல்சியில் நீண்ட மாதிரி வரிசையை ஏற்றிவிட்டுப் போனால், புதன் காலை அழுத்தம் ஏறி கருவி நின்றிருக்கும், உங்களுக்குத்தான் போன் வரும். செவ்வாயன்று ஓட்டியே ஆக வேண்டுமென்றால் கைமாற்றுத் தாளில் ஐந்து விஷயம் எழுதி ஒருவரிடம் நேரில் கொடுங்கள்: எந்தக் கருவி, எத்தனை ஊசி (எத்தனை முறை மாதிரி செலுத்துவது), முடியும் நேரம், தொடக்க அழுத்தம், முடிந்ததும் எதைக் கொண்டு கழுவ வேண்டும்.

பீக்வால்:
லேப் பக்கம் நான் சொல்கிறேன். முதல் மூன்று மாதம் கருவியைவிட மொபைல் ஃபேஸ் (மாதிரியைக் கருவிக்குள் சுமந்து செல்லும் திரவம்) தயாரிப்பைக் கவனியுங்கள். எச்பிஎல்சித் தொல்லைகளில் பெரும்பங்கு அந்த பாட்டிலில்தான் பிறக்கிறது.

எடுத்துக்காட்டாக 25 மில்லிமோலார் பாஸ்பேட் பஃபர் (பிஎச்சை, அதாவது அமிலத்தன்மை அளவை, நிலையாக வைக்கும் கரைசல்). பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் லிட்டருக்கு 3.40 கிராம். பிஎச்சைத் தண்ணீரில் இருக்கும்போதே நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தால் சரிசெய்து, 0.45 மைக்ரான் வடிதாளில் வடித்து, அதன் பிறகே அசிட்டோநைட்ரைல் என்ற கரைப்பானைச் சேர்க்க வேண்டும். கலந்த பின் பிஎச் பார்த்தால் மீட்டர் ஓர் எண்ணைக் காட்டும். ஆனால் மின்முனை தண்ணீர்ப் பஃபர்களில் அளவுதிருத்தப்பட்டது, ஆகவே அந்த எண்ணுக்குப் பொருள் வேறு. நீங்கள் ஒரு விதமாகவும் பக்கத்து மேசைக்காரர் வேறு விதமாகவும் செய்தால், பிஎச்சுக்கு இசைந்து நகரும் பீக் (ஒரு சேர்மத்துக்கு வரைபடத்தில் எழும் மேடு) இருவருக்கும் வேறு நேரத்தில் வரும். அசிட்டோநைட்ரைல் 70 சதவீதத்தை நெருங்கினால் பாஸ்பேட் உப்பாகப் படியத் தொடங்கும், பம்பின் சீல் தேயும். பஃபர் பாட்டிலை வாரக்கணக்கில் வைத்தால் பாக்டீரியா வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். தேதி எழுதுங்கள், பழையதைக் கொட்டுங்கள்.

நாள் முடிவில் பஃபர் நிறைந்த பிரிகைக் குழாயில் (சேர்மங்கள் பிரியும் இடம்) நேராக 100% அசிட்டோநைட்ரைலை விடாதீர்கள், உப்பு உள்ளேயே படியும். முதலில் 90 பங்கு தண்ணீர், 10 பங்கு மெத்தனால். 150 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. விட்டமுள்ள பிரிகைக் குழாய்க்குள் ஏறக்குறைய 1.5 மி.லி. திரவம் நிற்கும். 20 மடங்கு கழுவ 30 மி.லி. போதும், நிமிடத்துக்கு 1 மி.லி. வேகத்தில் அரை மணி நேரம். அதன் பிறகே அசிட்டோநைட்ரைல் மிகுந்த கலவையில் நிறுத்தி வையுங்கள்.

மாதிரிகளுக்கு முன் கருவி சரியாக ஓடுகிறதா என்று பார்க்கும் தகுதிச் சோதனையில் ஒரே தரநிலைக் கரைசலை ஐந்து முறை ஊசியேற்றி, பீக் பரப்பின் ஆர்எஸ்டி (சராசரியின் சதவீதமாகச் சொல்லும் சிதறல்) 2.0 சதவீதத்துக்குள் வரவேண்டும் என்பது மருந்து லேபுகளில் பரவலாக உள்ள வரம்பு. அதைத் தாண்டினால் உடனே மீண்டும் ஊசியேற்றும் பொத்தானை அழுத்தாதீர்கள், முதலில் வந்த எண்களை ஒப்பிடுங்கள். பரப்பு குறைந்துகொண்டே போகிறதா, மேலும் கீழும் ஆடுகிறதா என்று பாருங்கள். ஆடினால் ஊசியில் காற்றுக் குமிழ். பீக் வரும் நேரம் மெல்ல நகர்ந்தால் கசிவு, வெப்பநிலை, அல்லது மூடி சரியாக மூடாத பாட்டிலிலிருந்து ஆவியாதல்.

ஒற்றைக்கோடு:
போர்ட்ஃபோலியோவைப் பற்றி. கடைசி ஆண்டில் சேர்க்கலாம் என்று விட்டால், எது ஏன் நடந்தது என்பது நினைவில் இருக்காது. அதே நாளில் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். என்ன செய்தேன், எந்த முறைப்படி, எது ஒத்துவரவில்லை, எப்படிக் கண்டுபிடித்தேன், என்ன மாற்றினேன், எந்தக் கேஎஸ்பி எண்ணுக்கு இது சான்று. கேஎஸ்பி என்றால் அறிவு, திறன், நடத்தை ஆகியவற்றை எண்ணிட்ட பட்டியல். அதை அச்சிட்டு மேசையில் ஒட்டுங்கள். கடைசி மதிப்பீட்டில் வேலையிடத் திட்டம் ஒன்றும் போர்ட்ஃபோலியோவை வைத்துக் கேட்கும் கலந்துரையாடலும் வரும். ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதிய பக்கம் அங்கே நிற்காது. நீங்கள் செய்தது எது, முடிவெடுத்தது யார் என்று தெரிய வேண்டும்.

நிறுவனத்தின் தொகுதி எண், மூலக்கூறு பெயர், குரோமட்டோகிராம் (எச்பிஎல்சி தரும் வரைபடம்) படம் எதையும் போனில் எடுத்துப் பல்கலைக்கழகக் கணக்குக்கு அனுப்பாதீர்கள். ‘சேர்மம் அ’ என்று மாற்றிச் சார்பு அளவுகளை மட்டும் எழுதி, மேற்பார்வையாளரிடம் அனுமதி வாங்கிய பின் அனுப்புங்கள். இதில் சறுக்கினால் நல்ல திட்டமும் சமர்ப்பிக்க முடியாமல் போகும்.

குறிப்பேட்டில், எடையைக் கையுறையிலோ துண்டுக் காகிதத்திலோ எழுதிப் பிறகு பிரதியெடுப்பது முதல் ஆண்டில் காணும் பெரிய பிழை. நேரடியாக, பேனாவில், அப்போதே. தவறானால் ஒற்றைக் கோடு, கையொப்பம், தேதி, காரணம். தராசு தரும் வெப்பத்தாள் சீட்டு நாளடைவில் மங்கும். நகலெடுத்து ஒட்டிக் கையொப்பமிடுங்கள்.

நோயறிவகம்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். மருத்துவமனை ஆய்வகத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால், ‘பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்’ என்பது சட்டப்படி காக்கப்பட்ட பெயர், எச்சிபிசி என்ற சுகாதாரத் தொழில் ஒழுங்குமுறை அமைப்பில் பதிவு வேண்டும். வேதியியல் பட்டமும் லேபரட்டரி சயின்டிஸ்ட் பயிற்சியும் தாமாக அங்கே கொண்டுபோகாது. அதற்கு என்எச்எஸ்ஸில் (அரசு மருத்துவச் சேவை) ஹெல்த்கேர் சயின்ஸ் ப்ராக்டிஷனர் என்று வேறு டிகிரி அப்ரென்டிஸ்ஷிப் இருக்கிறது. தொழிற்துறையிலேயே இருப்பீர்கள் என்றால் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி வழியாக ஆர்எஸ்சிஐ (பதிவுபெற்ற அறிவியலாளர்) பதிவுக்கு முயலலாம்.

குடுவை19:
நன்றி. பீக்வால், லேப் வேலையைப் பாடத்தோடு இணைக்க ஒரு சிறு எடுத்துக்காட்டு தர முடியுமா? முதல் பருவத்தில் அளவீட்டுப் புள்ளியியல் வருகிறது.

பீக்வால்:
நீர்த்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கரைசலை 100 மடங்கு நீர்க்க வேண்டும். வழி ஒன்று: 1 மி.லி. பைப்பெட், 100 மி.லி. ஃபிளாஸ்க். ஏ வகுப்பு (துல்லியம் கூடிய வகை) பைப்பெட்டின் பிழை எல்லை ±0.008 மி.லி., அதாவது 0.8%. ஃபிளாஸ்க் ±0.1 மி.லி., 0.1%. வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறக்குறைய 0.81%. வழி இரண்டு: 10 மி.லி.யை 100 ஆக்கி, அதையே இன்னொரு முறை. 10 மி.லி. பைப்பெட் ±0.02, அதாவது 0.2%. இரு படிகளுக்கும் சேர்த்து 0.32%. ஒரு ஃபிளாஸ்க் கூடுதலாக நனைகிறது, பிழை பாதிக்கும் கீழே இறங்குகிறது. உங்கள் முறை ஆவணத்தில் எந்த வழி இருக்கிறது, ஏன் என்று கேட்டு அரைப் பக்கம் எழுதுங்கள். பாடத்துக்கான பயிற்சியாகவும் போர்ட்ஃபோலியோச் சான்றாகவும் அது ஆகும்.

எடையிலும் இதே கணக்கு: நான்கு தசம இடத் தராசில் 10 மி.கி. எடுத்தால் கடைசி இலக்கமே 1%. 50 மி.கி. எடுத்தால் 0.2%. தரநிலைப் பொருள் விலை அதிகம் என்று சிறிது எடுக்கச் சொன்னால், ஐந்து இடத் தராசு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.