கிம் டேவிஸைத் திருத்தந்தை பிரான்சிஸ் சந்தித்தது தவறா?

நெய்தல் மைந்தன்:
2025 நவம்பர் 10 அன்று கிம் டேவிஸின் மேல்முறையீட்டை விசாரணைக்கு ஏற்க அமெரிக்க உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. செய்தியைப் படித்தபோது பத்தாண்டுப் பழைய காயம் ஒன்று மீண்டும் வலித்தது.

மறந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கென்டக்கி மாநிலத்தின் ரோவன் கவுன்டியில் திருமண உரிமம் வழங்கும் எழுத்தராக இருந்தவர் கிம் டேவிஸ். 2015 ஜூன் 26 அன்று, ஒருபாலினத்தவர் திருமணம் செய்துகொள்வது அரசியல் சட்ட உரிமை என்று உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உடனே டேவிஸ் யாருக்குமே உரிமம் தர முடியாது என்று நிறுத்திவிட்டார். நீதிமன்ற ஆணையை மீறியதால் செப்டம்பர் 3 அன்று சிறைக்குப் போனார். 8 அன்று வெளியே வந்தார். அதே மாதம் 24 அன்று, வாஷிங்டனில் உள்ள திருப்பீடத் தூதரகத்தில், அதாவது வத்திக்கானின் தூதரகத்தில், திருத்தந்தை (போப்) பிரான்சிஸ் அவரைச் சந்தித்தார்.

என் தம்பி தன்பாலீர்ப்பாளன். 2013-இல் விமானத்தில் வைத்து, தீர்ப்பிட நான் யார் என்று திருத்தந்தை கேட்டாரே, அந்தச் செய்தியை நாளிதழிலிருந்து வெட்டித் தன் விவிலியத்துக்குள் வைத்திருந்தவன் அவன். இரண்டே ஆண்டில் அதே மனிதர், அவனைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பிய அதிகாரியைக் கட்டியணைத்தார் என்று கேட்டபோது அவன் முகம் எப்படி மாறியது என்பதை நான் பார்த்தேன். அந்தச் சந்திப்பு நடந்திருக்கவே கூடாது என்பது என் கருத்து. இங்கே மறுப்பவர்கள் இருப்பீர்கள். சொல்லுங்கள்.

மறைக்கல்வி ஆசிரியர்:
தம்பி, உங்கள் வீட்டு வலியை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மேய்ப்பர் ஒருவர் யாரைச் சந்திக்கலாம், யாரைச் சந்திக்கக் கூடாது என்று நாம் பட்டியல் போடத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும்? ஆண்டவர் ஊரார் வெறுத்த வரி தண்டுபவரோடும் உணவருந்தினார், சமயச் சட்டத்தில் கண்டிப்பான பரிசேயர் வீட்டிலும் உணவருந்தினார். இரண்டையும் குறை சொன்னவர்கள் இருந்தார்கள்.

அதற்கு முந்தைய நாள் நடந்ததையும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டும். செப்டம்பர் 23 அன்று அதே தூதரகத்தில், அர்ஜென்டினாவில் தம்மிடம் படித்த பழைய மாணவர் ஒருவரைத் திருத்தந்தை வரவேற்றார். அந்த மாணவர் தன்பாலீர்ப்பாளர். தம் துணைவரோடு வந்திருந்தார். இருவரையும் திருத்தந்தை தழுவிக்கொண்டார். அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. அந்தத் தூதரகத்தில் முறையான தனிச் சந்திப்பு என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான் என்று வத்திக்கான் செய்தித் தொடர்பாளர் அருட்தந்தை லொம்பார்தி அக்டோபர் 2 அன்று அறிவித்தார். டேவிஸ் சந்திப்பை, அவருடைய நிலைப்பாட்டுக்கான ஆதரவாகக் கொள்ள வேண்டாம் என்றும் அதே அறிக்கையில் சொன்னார். இதற்கு மேல் என்ன வேண்டும்?

தனிவழி:
நான் பெந்தெகொஸ்தே சபையைச் சேர்ந்தவன். கிம் டேவிஸும் அப்படித்தான். எனவே இதில் நான் நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

ஆசிரியர் ஐயா பெருமையாகக் குறிப்பிடும் அந்த அக்டோபர் 2 அறிக்கைதான் எனக்கு ஆறவில்லை. ஒரு பெண்ணைப் பின்வாசல் வழியாக அழைத்து வருகிறார்கள். யாரிடமும் சொல்லாதே என்கிறார்கள். அவர் சொன்னபடி, போப் அவருடைய கையைப் பிடித்து, உங்கள் துணிவுக்கு நன்றி என்றார், அணைத்துக்கொண்டார், உறுதியாக இருங்கள் என்றார். கணவருக்கும் அவருக்கும் செபமாலைகளைக் கொடுத்தார். அவற்றைத் தம் கத்தோலிக்கப் பெற்றோருக்குக் கொடுக்கப்போவதாக அவர் மகிழ்ந்து சொன்னார். ஊடகங்கள் கூச்சலிட்டதும், வரிசையில் நின்ற பல டஜன் பேரில் அவரும் ஒருவர் என்று வத்திக்கான் கைகழுவியது. சந்தித்தது சரி என்றால் சரி என்று சொல்ல வேண்டும். தவறு என்றால் சந்திக்காமலே இருந்திருக்க வேண்டும். சிறையிலிருந்து வந்த ஒரு விசுவாசியை இப்படியா நடத்துவது?

டேவிஸ் செய்ததிலும் குற்றம் இல்லை என்பேன். 2015 ஜனவரியில் அவர் பதவி ஏற்றபோது கென்டக்கியின் அரசியல் சட்டத்திலேயே திருமணம் என்றால் ஆணும் பெண்ணும் என்றுதான் இருந்தது. ஆறு மாதத்தில் அவர் காலடியிலிருந்த சட்டம் மாறியது. அவருடைய விசுவாசம் மாறவில்லை.

சட்டம் படித்தவள்:
மனச்சான்று என்ற சொல்லை எல்லோரும் புழங்குகிறோம். அது யாருடைய மனச்சான்று, எந்த நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது என்பதைப் பார்க்க வேண்டும்.

நம் நாட்டு வழக்கு ஒன்று. 1985-இல் கேரளத்தில், யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பத்துப் பிள்ளைகள் மூவர் தேசிய கீதம் பாட மறுத்ததற்காகப் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். கீதம் ஒலிக்கும்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், பாடவில்லை, அவ்வளவுதான். 1986-இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. எனக்கு அந்தத் தீர்ப்பு மிகவும் பிடிக்கும். அந்தப் பிள்ளைகள் மற்றவர் யாரையும் பாட விடாமல் தடுக்கவில்லை.

டேவிஸ் என்ன செய்தார்? தாம் கையெழுத்திட மறுத்ததோடு நிற்கவில்லை. தம் அலுவலகத்தில் யாருமே உரிமம் கொடுக்கக் கூடாது என்று தடுத்தார். அவருடைய ஆறு துணை எழுத்தர்களில் ஐந்து பேர் உரிமம் வழங்க ஒப்புக்கொண்டார்கள். மறுத்தவர் அவர் மகன். துணை எழுத்தர்களின் வேலையில் தலையிடாமல் இருந்தால் விடுவிக்கிறேன் என்று நீதிபதி பன்னிங் வழிகாட்டியபோதும் டேவிஸ் ஏற்கவில்லை. இங்கேதான் என்னால் அவரை ஏற்க முடியவில்லை. தன் கையை மடக்கிக்கொள்வது மனச்சான்று. அடுத்தவர் கையையும் பிடித்து மடக்குவது அதிகாரம்.

தனிவழி:
சகோதரி, உரிமங்கள் அவர் பெயரில், அவர் அதிகாரத்தில் வெளியாகின. துணை எழுத்தர் கொடுத்தாலும் தாளில் இருப்பது அவர் பெயர். அந்தப் பெயரை எடுத்துவிடுங்கள் என்பதுதான் அவர் கேட்டது. 2016-இல் கென்டக்கி சட்டமன்றம் அதையே செய்தது. எழுத்தர் பெயர் இல்லாத படிவம் வந்தது. ஏழு மாதம் கழித்துக் கொடுக்க முடிந்ததை அன்றே கொடுத்திருந்தால் சிறை எதற்கு? இதற்கு நேரடியாகப் பதில் சொல்லுங்கள்.

சட்டம் படித்தவள்:
சொல்கிறேன். அந்தச் சட்டத்திருத்தம் நியாயமானது. 2015-லேயே அதைச் செய்திருக்க வேண்டும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாநிலம் படிவத்தைத் திருத்தும் வரை காத்திருக்க வேண்டியவர்கள் யார்? கவுன்டரின் வெளிப்பக்கம் நின்றவர்களா, உள்பக்கம் அமர்ந்து சம்பளம் வாங்கியவரா? சொந்த ஊர் அலுவலகத்துக்கு மறுபடி மறுபடி போய், மறுபடி மறுபடி இல்லை என்று கேட்டுத் திரும்பியவர்களின் நாள்களை எந்தச் சட்டத்திருத்தமும் திருப்பிக் கொடுக்கவில்லை. 2023-இல் நடுவர் குழு ஒரு இணையருக்கு ஆளுக்கு 50,000 டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது அதனால்தான். அதை எதிர்த்த மேல்முறையீட்டைத்தான் உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது.

கத்தோலிக்கர்கள் புனித தாமஸ் மூரை நினைத்துப் பார்க்கட்டும். அவர் காலத்திலும் சிக்கல் ஒரு திருமணம்தான், அரசன் எட்டாம் ஹென்றியின் மறுமணம். அரசனோடு ஒத்துப்போக முடியாதபோது, 1532-இல் இங்கிலாந்தின் மிக உயர்ந்த பதவிகளில் ஒன்றைத் துறந்து வீட்டுக்குப் போனார். பதவியில் அமர்ந்துகொண்டே அரசின் வேலையை நிறுத்தி வைக்கவில்லை.

மறைக்கல்வி ஆசிரியர்:
தாமஸ் மூரைச் சொன்னீர்கள், மகிழ்ச்சி. பதவியைத் துறந்த பிறகும் அவரை விட்டார்களா? 1535-இல் தலையை வெட்டினார்கள். வீட்டுக்குப் போய்விட்டால் மனச்சான்று பத்திரமாக இருக்கும் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று அல்ல.

ஊர் திரும்பும் விமானத்தில் திருத்தந்தையிடம் ஒரு செய்தியாளர், ஒருபாலினத்தவருக்குத் திருமண உரிமம் தர மறுக்கும் அரசு அலுவலர்களைப் பற்றிக் கேட்டார். எல்லா வழக்குகளையும் தம்மால் மனத்தில் வைத்திருக்க முடியாது என்று சொல்லிவிட்டு, மனச்சான்றின்படி மறுப்பது மனித உரிமை, அரசு அலுவலருக்கும் அது உண்டு என்றார். டேவிஸ் பெயரை அவர் சொல்லவில்லை, கேட்டவரும் சொல்லவில்லை. அது திருச்சபையின் பழைய போதனை. ஹிட்லரின் படையில் சண்டையிட மறுத்து 1943-இல் தலை வெட்டிக் கொல்லப்பட்ட ஆஸ்திரிய விவசாயி ஃபிரான்ஸ் யேகர்ஷ்டாட்டரை 2007-இல் அருளாளராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலை) உயர்த்தியதும் அந்தப் போதனையின்படிதான்.

நெய்தல் மைந்தன்:
ஐயா, இந்த ஒப்பீட்டை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை. யேகர்ஷ்டாட்டர் கொல்ல மறுத்தார். டேவிஸ் இரண்டு பேருக்கு ஒரு தாளில் முத்திரை வைக்க மறுத்தார். ஒரே சொல்லால் இரண்டையும் அழைக்கும்போது அந்த விவசாயியின் தலை மலிவாகிப் போகிறது.

என் கேள்வி போதனையைப் பற்றியதல்ல. அந்தச் சந்திப்பை ஏற்பாடு செய்தவர் அன்றைய திருப்பீடத் தூதர் பேராயர் விகானோ. திருத்தந்தைக்கு அந்தப் பெண் யார் என்றே சரியாகத் தெரியாது என்று பிறகு அவருக்கு நெருக்கமானவர்கள் சொன்னார்கள். முந்தைய நாள் மாலையே குறிப்பு எழுதிக் கையில் கொடுத்து விளக்கினேன் என்று 2018-இல் விகானோ சொன்னார். எது உண்மை என்றாலும் எனக்கு ஆறுதல் இல்லை. தெரிந்து செய்தார் என்றால் என் தம்பியை மறந்தார். தெரியாமல் செய்தார் என்றால், அவருடைய அணைப்பை இன்னொருவர் தம் அரசியலுக்குக் கொடியாக்கிக்கொள்ள இடம் கொடுத்தார்.

தனிவழி:
விகானோவின் பின்னாள் வரலாற்றை நான் ஆதரிக்கவில்லை. திருச்சபையைப் பிளந்த குற்றத்துக்காக 2024-இல் வத்திக்கான் அவரைச் சபை நீக்கம் செய்தது, தெரியும். ஆனால் இந்த ஒரு செய்தியில் அவரைத்தான் நம்புகிறேன். அந்த மாதம் அமெரிக்காவில் எல்லாச் செய்தியிலும் இருந்த பெண்ணை யாரென்று அறியாமலா போப் சந்தித்தார்?

மறைக்கல்வி ஆசிரியர்:
அதில் எனக்கும் ஐயம் உண்டு, மறைக்க மாட்டேன். சகோதரர் தனிவழி அந்த அறிக்கையைப் பற்றி முதலில் சொன்னதையும் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். சந்திப்பு தவறில்லை என்பதில் மாறவில்லை. அந்த அறிக்கை தவறு. வந்தவரை வந்தவர் என்றே சொல்லியிருக்க வேண்டும்; இன்னொருவரை உண்மையான சந்திப்பு என்று பக்கத்தில் நிறுத்தி இவரைச் சிறுமைப்படுத்தியிருக்க வேண்டாம். அது டேவிஸுக்கும் நல்லதல்ல, அந்த மாணவருக்கும் நல்லதல்ல. அவருடைய அன்பான வருகையைக் கேடயமாகத் தூக்கிப் பிடித்துவிட்டார்கள்.

சட்டம் படித்தவள்:
இதை ஏற்கிறேன், ஐயா. டேவிஸ் செய்ததை நான் எதிர்க்கிறேன்; அவரை அழைத்துவிட்டு நழுவியதையும் எதிர்க்கிறேன்.

மறைக்கல்வி ஆசிரியர்:
நெய்தல் மைந்தன், ஒன்று கேட்கலாமா? உங்கள் தம்பி இப்போது கோவிலுக்கு வருகிறாரா? 2023 டிசம்பரில், ஒருபாலின இணையருக்குக் குருக்கள் எளிய ஆசி வழங்கலாம் என்று இதே திருத்தந்தை அனுமதித்தார். திருமணமாக அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஒரு கதவு திறந்தது. அது அவரை எட்டியதா?

நெய்தல் மைந்தன்:
எட்டியது, ஐயா. செய்தியை நான்தான் அனுப்பினேன். படித்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை.

2015 அக்டோபர் முதல் ஞாயிறுக்குப் பிறகு அவன் கோவிலுக்கு வந்தது ஒரே ஒரு முறை. 2025 ஏப்ரலில் திருத்தந்தை இறந்த வாரம், எங்கள் பங்கில் நடந்த இரங்கல் திருப்பலிக்கு. சொல்லாமல் வந்து கடைசி வரிசையில் நின்றான். நற்கருணை வாங்க எழுந்து வரவில்லை. பாடல் முடியும் முன்பே வெளியேறினான். ஓடிப்போய் வாசலில் பிடித்தேன். கண்கள் சிவந்திருந்தன. பைக் சாவியைத் தேடியபடியே, "அவர் கொஞ்சம் நல்லவர்தான் அண்ணா" என்றான்.