பையருக்கு "ஹாப்பி ஹாலிடேஸ்" சரி, செக்கிங் அக்காவுக்கு என்ன போடுவது?

பனியன்_மெர்ச்சண்ட்:
வணக்கம்ங்க. திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வேலை. டிசம்பர் வந்தால் பையர்களுக்கு, அதாவது நம்மிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்களுக்கு, வாழ்த்து மெயில் போடுவது என் தலையில்தான் விழும். அமெரிக்கா, ஜெர்மனி, இங்கிலாந்து எல்லாருக்கும் ஒரே கார்டு, யார் என்ன மதம் என்று நமக்கெதுக்கு, "ஹாப்பி ஹாலிடேஸ்" போட்டுவிடு என்றார் முதலாளி. சரி. அதையே கம்பெனி வாட்ஸ்அப் குரூப்பிலும் "இனிய விடுமுறைக் கால வாழ்த்துகள்" என்று போடச் சொன்னார், போட்டேன். செக்கிங் செக்‌ஷன் அக்கா ஒருவர் நேரா என் டேபிளுக்கே வந்து, "ஏந் தம்பி, எங்க பண்டிகைக்குப் பேரில்லீங்களா? தீபாவளிக்கும் இப்படித்தான் போடுவீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, அதுதான் உறுத்துகிறது. பொதுவாகப் போட்டால் யாருக்கும் மனசு கோணாது என்றுதானே போடுகிறோம்?

நியூஜெர்சி_கோவைக்காரன்:
அமெரிக்காவுக்குப் போகிற கார்டை மாற்றாதீர்கள். அங்கே அதே சமயத்தில் யூதர்களின் எட்டு நாள் ஹனுக்கா வரும், 2024-ல் கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலமே தொடங்கியது. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை கறுப்பின மக்கள் பலர் குவான்ஸா கொண்டாடுவார்கள், அது 1966-ல் ஆரம்பித்த பண்டிகை. எதிராளி யாரென்று தெரியாதபோது பொதுவாகச் சொல்வது மரியாதை, அவ்வளவுதான். "கிறிஸ்துமஸ் பேரையே அழிக்கப் பார்க்கிறார்கள்" என்று வருஷா வருஷம் அங்கே ஒரு சண்டை நடக்கும், கண்டுகொள்ளாதீர்கள். மாசசூசெட்ஸில் 1659-ல் கிறிஸ்துமஸ் கொண்டாடினால் ஐந்து ஷில்லிங் அபராதம் என்று சட்டம் போட்டதே கிறிஸ்தவர்கள்தான், பியூரிட்டன்கள் என்ற கறாரான பிரிவினர். 1681-ல்தான் எடுத்தார்கள். ஆனால் ஒன்று, உங்க செக்கிங் அக்கா யாரென்று உங்களுக்கு நன்றாகத் தெரியுமே. தெரிந்தவரிடம் பேர் சொல்லாமல் மழுப்பினால் அது பொதுவான வாழ்த்து இல்லை.

ஈரோட்டு_அம்மணி:
நான் சிஎஸ்ஐ சபைக் கிறிஸ்தவள். பக்கத்து வீட்டு அத்தை தீபாவளிக்குக் கச்சாயம் கொடுத்துவிடுவாங்க, கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டிலிருந்து கேக் போகும். அவங்க "கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள் சாமி" என்று சொல்வதால் அவங்க மதம் மாறிவிடவில்லை, நான் "தீபாவளி நல்லபடியா முடிஞ்சுதுங்களா" என்று கேட்பதால் நானும் மாறவில்லை. நம்ம ஊரில் இதுக்கெல்லாம் கார்ப்பரேட் மொழி வேண்டியதில்லை.
ஆனால் உண்மையைச் சொன்னால் எனக்கு வாழ்த்து ஒரு பெரிய விஷயமே இல்லை. லூக்கா இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் படிச்சுப் பாருங்க, சத்திரத்தில் இடமில்லாமல் பிள்ளையைத் தீவனத் தொட்டியில் கிடத்தினாங்க, அந்தச் சேதி முதலில் போனது ராஜாவுக்கோ பூசாரிக்கோ இல்லை, ராத்திரி வயல்வெளியில் மந்தைக்குக் காவல் இருந்தவங்களுக்கு. காங்கேயம், வெள்ளகோவில் பக்கம் தெருநாய்க்குப் பயந்து ஆட்டுப்பட்டியில் படுத்துக் கிடக்கிறவங்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட வேலைன்னு. இன்றைய கணக்கில் நைட் ஷிஃப்ட் ஆட்கள். 24 ராத்திரி உங்க கம்பெனியில் யார் மிஷினில் உட்கார்ந்திருக்காங்க என்று பாருங்க, அப்புறம் கார்டைப் பற்றிப் பேசலாம்.

ஹெச்ஆர்_பல்லடம்:
அதேதான். லீவே விடாமல் "விடுமுறைக் கால வாழ்த்து" போட்டால் அந்தக்கா கேட்கத்தானே செய்வார்! தமிழ்நாட்டில் தொழில் நிறுவனங்களின் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கான 1958 சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் கட்டாயம், அதுபோக பண்டிகைக்கு ஐந்து நாள். அந்த ஐந்தை வேலை செய்கிறவர்களையும் கலந்துதான் முடிவு பண்ணணும். நம்ம பக்கம் பொங்கல், மாட்டுப் பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி என்று போட்டால் மிச்சம் ஒன்றுதான், அதுவும் பல இடத்தில் சித்திரை ஒன்றுக்குப் போய்விடும். லிஸ்டில் உள்ள நாளில் வேலை வாங்கினால் ரெட்டைச் சம்பளம், இல்லை சம்பளத்தோடு மாற்று லீவு. 25 உங்க லிஸ்டில் இல்லையென்றால் கேட்கிறவர்களுக்கு மட்டுமாவது மாற்றிக் கொடுங்கள். ஜார்க்கண்ட், ஒடிசா பசங்களிலும் சர்ச்சுக்குப் போகிறவர்கள் நிறைய, அவங்க வாய் திறந்து கேட்க மாட்டாங்க. நாமதான் கேட்கணும்.

பனியன்_மெர்ச்சண்ட்:
25 லிஸ்டில் இல்லைங்க, பார்த்துவிட்டேன். சம்மர் ஆர்டர் ஷிப்மென்ட் வேற ஓடுகிறது. முதலாளியிடம் பேசினேன், மூஞ்சியைச் சுளித்தார், ஆனால் 24 நைட், 25 பகல் ரெண்டும் வேண்டியவர்கள் எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு வந்து முடித்துக் கொடுக்கட்டும் என்று ஒத்துக்கொண்டார். அக்காவிடம் சொன்னதுக்கு, "ஞாயிறு சர்ச் முடிஞ்சு பதினோரு மணிக்குத்தான் வருவேன்" என்றார். அதையும் ஷிஃப்ட் சார்ட்டில் எழுதியாச்சு. குரூப்பில் "கிறிஸ்துமஸ் நல்வாழ்த்துகள்" என்று மாற்றிப் போட்டுவிட்டேன். பையர் கார்டு அப்படியேதான் போகுது.

ஈரோட்டு_அம்மணி:
பதினோரு மணிக்கு வாரவங்களுக்கு மத்தியானச் சாப்பாட்டைக் கம்பெனியில் போடச் சொல்லுங்க தம்பி. பண்டிகை வாரத்தில் வீட்டில் ஆக்கி வைத்துவிட்டு வர நேரமிருக்காது.