மேலத்தெரு குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

செந்தில்: அப்பாவின் ரத்த ரிப்போர்ட் போட்டிருக்கிறேன். பிஎஸ்ஏ 6.8, சிவப்பில் வந்திருக்கிறது. காயத்ரி, பார்த்துச் சொல்லம்மா.

செல்வி அத்தை: ஐயோ, அண்ணனுக்குப் புற்றுநோயாமே? பால்காரர் வரைக்கும் கேட்கிறார்.

முருகேசன் சித்தப்பா: யார் கிளப்பியது?

செல்வி அத்தை: உங்கள் வீட்டிலிருந்துதான் கிளம்பியது.

காயத்ரி: அத்தை, பொறுங்கள். பிஎஸ்ஏ என்பது ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் உண்டாகும் புரதம். எல்லா ஆண்களின் ரத்தத்திலும் கொஞ்சம் இருக்கும். பொதுவாக மில்லிலிட்டருக்கு 4 நானோகிராம் தாண்டினால் லேபில் சிவப்பில் போடுவார்கள். வயதாகிச் சுரப்பி பெருத்தாலும் ஏறும், சிறுநீர்த் தொற்று வந்தால் இன்னும் ஏறும். அளவு கூடியவர்களில் சுமார் நான்கில் மூன்று பேருக்குப் புற்றுநோய் இருக்காது. பெரியப்பா, போன மாதம் நீர்க்கடுப்புக்கு மாத்திரை சாப்பிட்டீர்கள்தானே?

பெரியம்மா: சாப்பிட்டார். ராத்திரி நாலு தடவை எழுந்திருக்கிறார். கேட்டால் தோட்டத்துக்குக் காவலாம்.

பெரியப்பா: நான் நன்றாகத்தான் இருக்கிறேன். மோட்டார் ஓடவில்லை. எலெக்ட்ரீஷியன் நம்பர் யாரிடம் இருக்கிறது?

ரவி: அனுப்பிவிட்டேன் பெரியப்பா.

காயத்ரி: தொற்று தீர்ந்து ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம், யூராலஜி (சிறுநீர்ப் பாதை) டாக்டர் சொல்வார். எடுப்பதற்கு முன் இரண்டு நாள் சைக்கிள் வேண்டாம். அப்போதும் கூடுதலாக இருந்தால் எம்ஆர்ஐ, தேவைப்பட்டால்தான் பயாப்ஸி, அதாவது துளி சதை எடுத்துப் பார்ப்பது. இன்னொன்று, ராத்திரி போடும் மாத்திரை அட்டையை படம் எடுத்து அனுப்புங்கள். டூட்டாஸ்டரைடு, ஃபினாஸ்டரைடு என்று சுரப்பி வீக்கத்தைக் குறைக்கும் மருந்து இருந்தால் பிஎஸ்ஏ பாதியாகக் காட்டும். டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

பெரியப்பா: 📷

செந்தில்: அப்பா, இது மோட்டார் ஸ்டார்ட்டர்.

காயத்ரி: அப்புறம், தாத்தாவுக்கு என்ன நோய்? அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ புராஸ்டேட் புற்றுநோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வாய்ப்பு கூடும்.

முருகேசன் சித்தப்பா: மூத்திரப் பையில் கட்டி என்றார்கள்.

செல்வி அத்தை: கடைசியில் முதுகெலும்பு வரைக்கும் பரவியதே. அப்போது எங்களிடம் யார் வாயைத் திறந்தீர்கள்?

பெரியம்மா: பழசை எதற்கு?

காயத்ரி: பழசுதான் இப்போது வேண்டும் பெரியம்மா. தாத்தாவின் ஆஸ்பத்திரி ஃபைல் எங்கே?

முருகேசன் சித்தப்பா: அண்ணன் வீட்டு பீரோவில்.

பெரியப்பா: பாகம் பிரித்தபோது பீரோ உன் வீட்டுக்கு வந்தது.

முருகேசன் சித்தப்பா: சாவி வரவில்லை.

ரவி: 🙏

காயத்ரி: சித்தப்பா, உங்களுக்கும் 58 ஆகிறது. நீங்களும் டாக்டரைக் கேட்டுவிட்டு ஒரு தடவை எடுங்கள். 55 முதல் 69 வரை நன்மை தீமை பேசி முடிவெடுக்கிற வயதுதான்.

முருகேசன் சித்தப்பா: காதுகுத்து முடியட்டும்.

செல்வி அத்தை: பத்திரிகையில் எங்கள் வீட்டுக்காரர் பெயரே இல்லை, அதையும் பார்த்தேன்.

செந்தில்: வெள்ளிக்கிழமை அப்பாவை யூராலஜிக்கு அழைத்துப் போகிறேன். யார் கூட வருகிறீர்கள்?

பெரியப்பா: வெள்ளிக்கிழமை தண்ணீர் முறை.

காயத்ரி: பெரியப்பா, மாத்திரை அட்டை?

முருகேசன் சித்தப்பா: பீரோவை நாளைக்கு உடைத்துப் பார்க்கிறேன்.

செல்வி அத்தை: உடைக்காதீர்கள், சாவி என்னிடம் இருக்கிறது.