கைவச்சு ரிசர்ச் பண்ண விடுற இன்ஜினியரிங் காலேஜ், வேலூர் பக்கம் எது?

ராணிப்பேட்டை_பையன்:
அண்ணா அக்கா எல்லாருக்கும் வணக்கம். பிளஸ் டூ முடிச்சிட்டேன், ஆறாவதுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல் தான், கட்ஆஃப் 168 வரும்னு கணக்கு போட்டு வச்சிருக்கேன். அப்பா தோல் ஷாப்புல டிரம்மு கிட்ட வேலை, சாயங்காலம் சட்டை நீலமா தான் வீட்டுக்கு வருவாரு. எங்க தெரு கெணத்து தண்ணி லேசா மஞ்சளா இருக்கும், அதை குடிக்காதடான்னு சொல்லி தான் வளத்தாங்க, ஆனா அதுல இன்னா இருக்குன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. அத நானே கண்டுபிடிக்கணும்னு ஆசை. புக்கு மட்டும் ஓட்டாம லேப்ல எறங்கி ரிசர்ச் பண்ற மாதிரி காலேஜ் சொல்லுங்க. மாமா விஐடி தான்னு ஒத்தக்கால்ல நிக்கிறாரு, ஃபீஸ நெனச்சா வயித்த கலக்குது.

கோட்டை_அகழி:
தம்பி, விஐடி நம்ம கவுன்சிலிங்ல வராது, விஐடிஇஇஇன்னு அவங்க என்ட்ரன்ஸ் தனியா எழுதணும். அங்க லேப் வசதி பெருசு தான், மறுக்கல. ஆனா ஆறுல இருந்து கவர்மென்ட் ஸ்கூல்னா உனக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்குப்பா, 2021ல வந்தது, கவுன்சிலிங்ல அதுல சீட் எடுத்தா படிப்பு ஃபீஸ், ஹாஸ்டல் ஃபீஸ் ரெண்டுமே கவர்மென்ட் கட்டிடும். அத விட்டுட்டு மாமா பேச்ச கேட்டு லோனுக்கு அலையாத. பாகாயத்துல தந்தை பெரியார் கவர்மென்ட் காலேஜ் இருக்கு, 1990ல ஆரம்பிச்சது, சிவில் எடுத்தா தண்ணி சப்ஜெக்ட் எல்லாம் அதுலயே வரும், வீட்ல இருந்து பஸ்லயே போய்ட்டு வரலாம்.

பாலாறு_மணல்:
உன் கேள்வியிலயே பாதி ஆராய்ச்சி இருக்குடா தம்பி. அப்பா சட்டையில இருக்குற நீலம் மூணு வேலன்சி குரோமியம், தோல் பதப்படுத்த போடுற குரோமியம் சல்ஃபேட். கெணத்துல மஞ்சள் தெரிஞ்சா அது ஆறு வேலன்சியா இருக்கலாம், கேன்சர் வரவைக்கிறதுன்னு சொல்றது இதத்தான். வெறும் இரும்பாவும் இருக்கலாம், டெஸ்ட் பண்ணாம யாரும் வாய தெறக்கக்கூடாது.

நான் படிச்ச காலேஜ் பேரு வேணாம், அங்க ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், அதான் தண்ணியில கலர் எவ்ளோ அடர்த்தின்னு லைட்ட விட்டு அளக்குற மிஷின், கண்ணாடி ரூம்ல பச்ச துணி போத்தி பூட்டி கெடந்துச்சு, இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆளு வந்தா மட்டும் துணிய எடுப்பாங்க. ஃபைனல் இயர்ல வேற ஒரு காலேஜ் சார் கையில கால்ல விழுந்து சனிக்கிழமை மட்டும் அவரு லேப்புக்கு போனேன். சிப்காட் பக்கத்து கெணத்து தண்ணியில ஆசிட் விட்டு டைஃபினைல் கார்பசைடுன்னு ஆறு வேலன்சி குரோமியத்த கலர்ல காட்டிக்குடுக்குற கெமிக்கல் ஊத்துனா அஞ்சு பத்து நிமிஷத்துல நாவப்பழம் தின்ன நாக்கு மாதிரி ஊதா ஆயிடுச்சு. அத மிஷின்ல லைட்டோட அலைநீளம் 540 நானோமீட்டர்ல வச்சு பாக்கணும். ஒரே தண்ணிக்கு மூணு தடவ மூணு ரீடிங், மண்ட காஞ்சிடுச்சு, கடைசில பாத்தா குவெட், அதான் தண்ணி ஊத்தி மிஷினுக்குள்ள வைக்கிற சின்ன டப்பி, அது மேல என் கை ரேகை, டிஷ்யூ வச்சு தொடைக்கவே இல்ல. அப்புறம் ரீடிங்கு அளக்க போட்டு வச்ச கிராஃப் கோட்ட தாண்டி போய்கினு இருந்துச்சு, பத்து மடங்கு டைல்யூட் பண்ணி திரும்ப மொதல்ல இருந்து. இந்த டெஸ்ட் ஆறு வேலன்சிய மட்டும் தான் காட்டும், மொத்த குரோமியம் வேணும்னா மொதல்ல பர்மாங்கனேட் போட்டு மூண ஆறா மாத்தணும், இது தெரியாம தோல் ஷாப்பு கழிவுல டெஸ்ட் பண்ணிட்டு சுத்தமா இருக்குன்னு எழுதுன ப்ராஜெக்ட் கூட பாத்திருக்கேன். குடிதண்ணிக்கு இந்திய தரத்துல மொத்த குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தான்.

அதனால காலேஜ் பாக்க போனா பில்டிங்க பாக்காத, லேப் அசிஸ்டென்ட் கிட்ட மிஷின் லாக் புக்க, அதான் யாரு எப்ப மிஷின தொட்டாங்கன்னு எழுதுற நோட்ட, கேளு. அதுல செகண்ட் இயர் பசங்க கையெழுத்து இருக்கான்னு பாரு, கடைசி தேதி எதுன்னு பாரு.

காட்பாடி_ஜங்ஷன்:
ஒருத்தரும் இத சொல்லலயே. சென்னை அண்ணா யுனிவர்சிட்டி ஏ.சி. டெக்ல, அதான் அழகப்பா காலேஜ் ஆஃப் டெக்னாலஜில, பி.டெக் லெதர் டெக்னாலஜி இருக்கு, அதுவும் கவுன்சிலிங்ல தான். அடையாறுல சிஎல்ஆர்ஐ கூட சேந்து நடக்குற கோர்ஸ், 1948ல வந்த மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், இந்த கழிவு பிரச்சனையே அவங்களுக்கு தினப்படி வேலை. தோலுன்னா மூஞ்ச சுளிப்பாங்க நம்ம சொந்தக்காரங்க, சுளிக்கட்டும். எங்க சேந்தாலும் சரி, அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் ஸ்டூடன்ட் ப்ராஜெக்ட்டுக்கு காசு குடுக்குது, காலேஜ் மூலமா தான் அப்ளை பண்ணணும், அங்க முன்ன யாராவது வாங்கியிருக்காங்களான்னு கேளு.

ராணிப்பேட்டை_பையன்:
நீலத்துக்கும் மஞ்சளுக்கும் அர்த்தம் இருக்குன்னு இன்னைக்கு தான் தெரியுது அண்ணா. அப்பா கிட்ட காட்டுனேன், லெதர் கோர்ஸ்னதும் ஒண்ணும் பேசல, சிரிச்சாரு. ஏ.சி. டெக்க மேல வச்சு பாகாயம் சிவில் அடுத்ததா போடப்போறேன். கெணத்து தண்ணிய இப்பவே டெஸ்ட் பண்ண முடியுமா?

பாலாறு_மணல்:
முடியும், அந்த சார் கிட்ட கேட்டு சொல்றேன். புது பிளாஸ்டிக் பாட்டில் எடு, கெணத்து தண்ணியிலயே மூணு தடவ அலசிட்டு ரொப்பு, தேதியும் நேரமும் எழுதி ஃப்ரிட்ஜ்ல வை. ஒரு நாளுக்குள்ள பாத்துடணும், அதனால வெள்ளிக்கிழமை சாயங்காலம் எடுத்தா போதும்.